கோழிச் சீக்கின் கால்வழி

ராணிக்கெட் நோயில் செத்த கோழி எந்த ஊரில் கிடந்தாலும் ஒரே கோலம்தான். இறகு சிலிர்த்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு கிடக்கும். அறுத்துப் பார்த்தால், அரைப்பைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி இரைப்பையின் உட்சுவரில் குண்டூசி முனையளவு ரத்தப் புள்ளிகள் தெரியும். நம் கிராமங்களில் இதற்கு வெள்ளைக்கழிச்சல் என்று பெயர். கால்நடைத் துறையின் சுவரொட்டியில் கோழிக்கழிச்சல். உலக வழக்கில் நியூகாசில் நோய். பிரேதப் பரிசோதனை சொல்வது நோயின் பெயரை மட்டும்தான். அது எந்த வழியாக வந்தது என்பதைச் செத்த கோழி சொல்லாது. கடல் கடந்து வந்திருக்கலாம். பக்கத்துப் புறாக்கூண்டிலிருந்து வந்திருக்கலாம். அந்த வட்டாரத்திலேயே வருஷக்கணக்காகச் சாதுவாக உலவிய வைரஸ் திடீரென்று கொடியதாக மாறியிருக்கலாம். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியிலிருந்தே வெளியேறியிருக்கலாம். நான்கும் கற்பனை அல்ல, கடந்த 60 ஆண்டுகளில் நான்குக்கும் சாட்சியம் பதிவாகியிருக்கிறது. நான்குக்கும் செய்ய வேண்டிய காரியம் வேறு வேறு. எது நடந்தது என்று பிரித்துக் காட்டக்கூடிய வேலை, வைரஸின் மரபணு வரிசையைப் படித்து அதன் கால்வழியை எழுதுவது. அதை ஆராய்ச்சி இதழில் கட்டுரை போடுபவர்களின் ஆடம்பரமாக ஒதுக்கி வைத்திருக்கும்வரை, நோய்த்தடுப்பு என்ற பெயரில் நாம் செய்வதில் பாதி ஊகம்தான்.

இந்த நோய் உலகத்துக்கு அறிமுகமானதே பூர்வீகம் தெரியாத வழக்காகத்தான். 1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் அபான் டைன் நகரத்தை ஒட்டிய பண்ணைகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இங்கிலாந்தில் அதை ஆராய்ந்த டாய்ல், இப்போதைக்கு இருக்கட்டும் என்றுதான் ஊர்ப் பெயரை நோய்க்கு வைத்தார். அதே காலத்தில் குமாவுன் மலைப்பகுதியில் ராணிக்கெட்டைச் சுற்றியும் கோழிகள் சாக, முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆய்வு நிலையத்தின் எட்வர்ட்ஸ் 1928-இல் அதைப் புதிய கோழிநோய் என்று விவரித்தார். இந்தியாவில் ராணிக்கெட் என்ற பெயர் நிலைத்தது. இவை எல்லாம் ஒரே நோய் என்பது பின்னால் உறுதியாயிற்று. கப்பலில் ஏற்றிய இறைச்சியோடு கிழக்கிலிருந்து நியூகாசில் துறைமுகத்துக்கு வந்திருக்கும் என்ற ஊகம் அப்போதே எழுந்தது. ஊகத்தைச் சோதிக்கக் கருவி கிடையாது. ஒரு துறைமுகம், ஒரு தீவு, ஒரு மலையூர் மூன்றுக்கும் நடுவில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

இன்று அந்தக் கருவி இருக்கிறது. இந்த வைரஸின் மரபணுத் தொகுதி ஒற்றை ஆர்.என்.ஏ இழை, நீளம் சுமார் 15,200 எழுத்துகள். கோழியின் செல்லுக்குள் அது தன்னைப் படியெடுக்கும்போது பிழைகள் விழுகின்றன. பிழைதிருத்த அதனிடம் வழி இல்லை. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர்கள் விட்ட பிழைகளை வைத்து எந்த ஏடு எந்த ஏட்டின் வழி வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடித்தார்களே, கிட்டத்தட்ட அதே தர்க்கம்தான் இங்கும். இரண்டு வைரஸ்கள் ஒரே பிழையை ஒரே இடத்தில் சுமந்தால் இரண்டுக்கும் பொது மூதாதை உண்டு. பிழைகள் சேரும் வேகமும் ஓரளவு தெரியும்: ஆண்டுக்கு ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஒன்று. ஆகவே, பிழைகளை எண்ணினால் யார் யாருக்குச் சொந்தம் என்பதோடு, எப்போது பிரிந்தார்கள் என்பதையும் கணிக்கலாம். டெல்டா, ஒமிக்ரான் என்று கொரோனாவின் கிளைகளை வீட்டுத் திண்ணையில் பேசிப் பழகிய வாசகர்களுக்கு இது புதிதாக இராது. கோழி வைரஸில் இன்னொரு வசதியும் இருக்கிறது. 1960-க்கு முன் பிரித்தெடுக்கப்பட்ட பழைய வகைகளின் நீளம் 15,186 எழுத்து. பின்னால் பரவிய வகைகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆறு எழுத்துகள் கூடுதலாகச் சேர்ந்து 15,192 ஆகிவிட்டன. அந்த ஆறெழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே வந்திருப்பது பழைய தலைமுறையா, புதிய தலைமுறையா என்று தெரிந்துவிடும்.

கால்வழியைப் பேசுவதற்கு முன், இந்த வைரஸின் கொடுமை எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இதன் மேற்பரப்பில் எஃப் என்ற இணைப்புப் புரதம் உண்டு. கோழியின் செல்லோடு வைரஸ் ஒட்டி உள்ளே நுழைய, முதலில் இந்தப் புரதம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரண்டாக வெட்டுப்பட வேண்டும். வெட்டுபவை கோழியின் சொந்த நொதிகள். வெட்டும் இடத்தில் உள்ள அமினோ அமிலங்கள் ஒரு மாதிரி அமைந்தால், மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும் கிடைக்கும் நொதியால்தான் வெட்ட முடியும். வைரஸ் அங்கேயே தங்கிவிடும், கோழி லேசாகத் தும்மும் அல்லது அதுவும் இல்லை. அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் நெருக்கமாக வந்து, 117-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனின் உட்கார்ந்துவிட்டால், உடம்பின் எந்த உறுப்பிலும் இருக்கும் நொதியே வெட்டிவிடும். மூளை, கல்லீரல், மண்ணீரல் என்று எங்கும் வைரஸ் பெருகும். ஒரு கூட்டத்தையே அழிக்கும் நோய்க்கும் யாரும் கவனிக்காத தொற்றுக்கும் நடுவில் நிற்பது இந்தச் சில அமினோ அமிலங்கள். உலக விலங்கு நலவாழ்வு அமைப்பும் இந்த இடத்தை வைத்தே, அல்லது ஒருநாள் குஞ்சின் மூளையில் செலுத்திப் பார்க்கும் சோதனையில் 0.7 அல்லது அதற்கு மேல் மதிப்பு வந்தால், அதை அறிவிக்க வேண்டிய நோய் என்று வரையறுக்கிறது.

இந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, கொடியது அல்லது சாது என்று முத்திரை குத்தி முடித்துக்கொள்ளும் ஆய்வகங்கள் அதிகம். அது போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த நாட்டில் 1930-களின் தொடக்கத்துக்குப் பிறகு கொடிய நியூகாசில் நோய் இல்லை. சுற்றிலும் கடல், துறைமுகங்களில் கடுமையான தடுப்புக் கெடுபிடி. 1998 செப்டம்பரில் சிட்னியின் மேற்குப் புறநகரில் நோய் தலைகாட்டியது. 1999-இல் அதே மாநிலத்தின் மாங்குரோவ் மவுண்டன் என்ற கோழிப்பண்ணை வட்டாரத்தில் பெரிய அளவில் வெடித்தது. அங்கே மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. இப்படியொரு நாட்டில் இப்படியொரு நோய் வந்தால் எவருக்கும் முதல் சந்தேகம் எல்லை மீதுதான் விழும். மரபணு வரிசையோ வேறு கதை சொன்னது. பிடிபட்ட வைரஸ் ஆசியாவில் உலவும் எந்தக் கிளையோடும் சேரவில்லை. ஆஸ்திரேலியக் கோழிகளில் ஏற்கெனவே குடியிருந்த, பீட்ஸ் ரிட்ஜ் என்று பெயரிடப்பட்ட சாது வைரஸோடு அச்சொட்டாகப் பொருந்தியது. வெட்டும் இடத்தில் மட்டும் இரண்டே எழுத்து மாற்றம்: ஒன்றால் 115-ஆம் இடத்துக் கிளைசின் ஆர்ஜினினாகவும், மற்றொன்றால் 117-ஆம் இடத்து லியூசின் ஃபீனைல்அலனினாகவும் மாறியிருந்தன. பதினைந்தாயிரம் எழுத்தில் இரண்டு. பீட்ஸ் ரிட்ஜ், மாங்குரோவ் மவுண்டனுக்குப் பக்கத்து ஊர்.

இந்தக் கண்டுபிடிப்பு ஆஸ்திரேலியாவின் கொள்கையையே திருப்பிப்போட்டது. கடலைத் தாண்டி வந்திருந்தால் துறைமுகக் காவலை இறுக்குவதே வழி. உள்ளூர்ச் சாது வைரஸ் மாறியதுதான் காரணம் என்றால், அந்தச் சாது வைரஸுக்கே பண்ணைகளில் இடம் இல்லாமல் செய்ய வேண்டும். லட்சக்கணக்கான கோழிகளில் அது ஓயாமல் படியெடுக்கப்படும்வரை, அந்த இரண்டு எழுத்துகள் மறுபடியும் மாறுவது எப்போது என்பது மட்டும்தான் கேள்வி. அதனால்தான் அங்கே பண்ணைக் கோழிகளுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குப் பயன்பட்டதும் குயின்ஸ்லாந்தில் 1966-இல் கண்டெடுக்கப்பட்ட வி4 என்ற உள்ளூர்ச் சாது ரகம். நோயை இறக்குமதி என்று முடிவுகட்டியிருந்தால் இந்த முடிவுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். இது ஆஸ்திரேலியாவின் விசித்திரம் என்று தள்ளிவிடவும் முடியாது. அயர்லாந்தில் 1990-இல் பரவிய கொடிய வைரஸ், நீர்ப்பறவைகளில் காணப்படும் சாது வகையோடு நெருங்கிய உறவு கொண்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் வாத்தினத்துப் பறவை ஒன்றிலிருந்து எடுத்த, கோழிக்கு எந்தத் தீங்கும் செய்யாத வைரஸைக் குஞ்சுகளின் காற்றுப்பையில் ஒன்பது முறையும் மூளையில் ஐந்து முறையும் அடுத்தடுத்துச் செலுத்தி, அதை முழுக் கொடிய வைரஸாகவே மாற்றிக்காட்டியதை 2002-இல் வெளியிட்டார்கள். இயற்கை ஊசி போடுவதில்லை. ஆனால் நெருக்கியடித்து வளரும் கோழிக்கூட்டம் அதே சங்கிலித்தொடரை நடத்திவிடுகிறது.

வெளியிலிருந்து வருவதும் உண்டு, அதைக் காட்டுவதும் இதே கால்வழிதான். 1971-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய தொற்றை ஒழிக்க ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது. செல்லப் பறவை வணிகத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கிளிகளோடு அது வந்தது. 2002-இல் மீண்டும் வந்தபோது கோழிச்சண்டைக்கு வளர்க்கும் சேவல்களில் தொடங்கிப் பெரிய பண்ணைகளுக்குத் தாவியது. வரிசை மெக்சிகோவில் உலவும், மரபணு வகைப்பாட்டில் ஐந்தாம் வகை எனப்படும் கிளையோடு ஒத்துப்போனது. பிரிட்டனில் 1984-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே கோழிகளில் வந்த நோய்க்குக் காரணம், அப்போது ஐரோப்பாவின் பந்தயப் புறாக்களில் பரவிக்கொண்டிருந்த தனிக் கிளை. லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் குவித்துவைத்த தீவனத்தில் புறாக்கள் எச்சமிட, அந்தத் தீவனம் பண்ணைகளுக்குப் போயிருந்தது. மரபணு வரிசை படிப்பது அன்றாட வேலையாக ஆகாத காலம் அது. வேபிரிட்ஜ் ஆய்வகத்தில் டென்னிஸ் அலெக்சாண்டரும் அவர் கூட்டத்தாரும் ஒற்றைக்குல எதிர்ப்புரதங்களை வைத்தே புறாக் கிளையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். பண்ணைக்கு மருந்தடிப்பதாலோ பண்ணைகளுக்கு இடையே போக்குவரத்தைத் தடுப்பதாலோ மட்டும் அந்தத் தொற்று நின்றிருக்காது. அடைக்க வேண்டியிருந்தது கிடங்கின் கூரை ஓட்டையை.

நான்காவது வழியைப் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் கூச்சம். அமெரிக்க வேளாண் துறையின் கோழிநோய் ஆய்வகத்தைச் சேர்ந்த கிரில் டிமிட்ரோவ், கிளாடியோ அஃபோன்சோ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் தொட்டது. சீனா, எகிப்து, இந்தியா ஆகிய நாடுகளில் அண்மைக் காலத்தில் பிரித்தெடுக்கப்பட்ட இரண்டாம், ஒன்பதாம் வகைக் கொடிய வைரஸ்களின் வரிசையை, 1940-களில் பிடித்துவைத்த பழைய வைரஸ்களோடு ஒப்பிட்டார்கள். கணக்கு எளிது. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற வேகத்தில் 60 ஆண்டில் நூற்றுக்கு ஆறு எழுத்தாவது மாறியிருக்க வேண்டும். எஃப் மரபணு மட்டும் 1,662 எழுத்து. அதில் நூறு பிழையாவது எதிர்பார்க்கலாம். அவர்கள் கண்ட வேறுபாடு நூற்றுக்கு 0.3 முதல் 1.2 வரை. உயிருள்ள கோழிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருகிய வைரஸ் இப்படி நின்ற இடத்திலேயே நிற்காது. திறந்த வெளியில் ஒரு வைரஸ் அறுபது ஆண்டு உயிரோடு கிடக்கவும் வழியில்லை. எங்கோ உறைநிலையில் இருந்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். 1940-களின் அந்தக் கொடிய ரகங்களை, தடுப்பூசியின் திறனைச் சோதிக்கும் பரிசோதனைகளுக்காக உலகமெங்கும் ஆய்வகங்கள் இன்றும் வைத்துப் பயன்படுத்துகின்றன என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது கனமானதும்கூட. வைரஸ் வயலுக்குக் கசிந்தது என்று ஏன் நினைக்க வேண்டும், வயலிலிருந்து வந்த மாதிரியில் ஆய்வகத்து வைரஸ் கலந்திருக்கலாமே? ஒரே மேசையில் பழைய ரகத்தையும் புதிய மாதிரியையும் கையாளும் இடங்களில் இது நடக்கக்கூடியதுதான். இப்படிப்பட்ட வரிசைகளைப் பரிணாம ஆய்வுகளிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியதும் இதனால்தான். ஆனால், இந்த மறுப்பை முழுமையாக ஏற்றாலும் வாதம் தளர்வதில்லை. வைரஸ் கசிந்திருந்தால் ஆய்வகப் பாதுகாப்பில் ஓட்டை. மாதிரி கலந்திருந்தால் நாம் நோய் என்று அறிவித்த முடிவிலேயே ஓட்டை. எதுவாக இருந்தாலும் திருத்த வேண்டிய இடம் பண்ணை அல்ல, ஆய்வகம். வரிசையைப் படித்து வம்ச மரத்தில் பொருத்திப் பார்க்காமல், பி.சி.ஆரில் கோடு விழுந்தது என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

நம் நாட்டுக்கு இதில் தனிப்பட்ட சிக்கல் ஒன்று இருக்கிறது. 1940-களில் முக்தேஸ்வரில், இந்திய வைரஸ் ஒன்றைக் கருமுட்டைகளில் தொடர்ந்து வளர்த்து வீரியம் குறைத்து ஒரு தடுப்பூசியை உருவாக்கினார்கள். முக்தேஸ்வர் ரகம் எனப்படும் அது, ஆர்2பி என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குஞ்சுப் பருவத்தில் லசோட்டா, எஃப் என்ற சாது ரகத் தடுப்பூசிகளில் ஒன்றைக் கொடுத்த பிறகு, வளர்ந்த கோழிக்கு இறக்கையின் தோலடியில் போடுவது வழக்கம். பல தலைமுறைக் கோழிகளைக் காப்பாற்றிய மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது முழுச் சாது அல்ல, நடுத்தர வீரியம் உள்ளது. அதன் எஃப் புரதத்தில் வெட்டும் இடம் கொடிய வைரஸின் பாணியிலேயே இருக்கிறது. ஆகவே, தடுப்பூசி போட்ட கூட்டத்தில் மாதிரி எடுத்து, வெட்டும் இடத்தை மட்டும் படித்தால் மருந்தே நோயாகத் தெரியும். எந்தக் கிளை என்று பார்த்தால்தான் முக்தேஸ்வர் உட்பட்ட மூன்றாம் வகையா, காட்டு வைரஸா என்று பிரிக்கலாம். சீனாவில் 2005-இல் நோயுற்ற கோழிகளிலிருந்து கிடைத்த சில வைரஸ்கள் இந்த முக்தேஸ்வர் ரகத்துக்கு மிக நெருங்கிய உறவாகவும் அதைவிடக் கொடியவையாகவும் இருந்தன. இதை வைத்து ஆர்2பி-யை நாளையே நிறுத்த வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அது போடும் இடங்களில் அதன் வழிவந்தவை எப்படி நடந்துகொள்கின்றன என்று கண்காணிக்காமல் இருப்பது பொறுப்பில்லாத காரியம் என்று சொல்வேன்.

இந்தியப் பண்ணைகளில் இப்போது அதிகம் பேசப்படுவது பதின்மூன்றாம் வகை; பாகிஸ்தானிலும் இதே கிளை உலவுகிறது. குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் அது பதிவாகியிருக்கிறது. தென்னிந்தியாவில் தடுப்பூசி போட்ட பண்ணைகளில் வந்த தொற்றுகளை ஆராய்ந்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கிளைக்குள்ளேயே புதியதோர் உட்பிரிவைக் காட்டியது. நாமக்கல் வட்டாரப் பண்ணையாளர்களின் காதில் இந்தச் செய்தி விழும்போது அது வேறொரு வடிவம் எடுத்துவிடுகிறது: வைரஸ் மாறிவிட்டது, பழைய லசோட்டா கேட்பதில்லை, புது மருந்து வேண்டும். கால்வழி ஆய்வுக்கு எதிரான வலுவான வாதமும் இங்கேதான் பிறக்கிறது. இந்த வைரஸில் எத்தனை கிளை இருந்தாலும் நோய் எதிர்ப்பாற்றலின் பார்வையில் எல்லாம் ஒரே வகைதான். நியூஜெர்சியில் 1946-இல் ஒரு பண்ணையில் கிடைத்த லசோட்டா இன்றுவரை எல்லாக் கிளைக்கும் எதிராகக் கோழியைக் காக்கிறது. அப்படியிருக்க, எந்தக் கிளை என்று தெரிந்து பண்ணையாளனுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அந்த வாதம்.

முதல் பாதி உண்மை. ஆய்வகத்தில் முறையாக லசோட்டா கொடுத்து எதிர்ப்பாற்றல் நன்கு ஏறிய கோழிகளை, ஐந்தாம் வகை கொண்டு தாக்கினாலும் ஏழாம் வகை கொண்டு தாக்கினாலும் அவை சாவதில்லை. பண்ணையில் சாகின்றன என்றால் காரணத்தை முதலில் பண்ணையில் தேட வேண்டும். தொற்று பரவாமல் நிற்கக் கூட்டத்தில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கோழிகளுக்குப் போதிய எதிர்ப்பாற்றல் வேண்டும் என்பது கணக்கிட்டுச் சொல்லப்பட்ட அளவு. குடிதண்ணீரில் மருந்து கலக்கும்போது குளோரின் கலந்த தண்ணீரை ஊற்றுவது, பால்பவுடர் சேர்க்காமல் விடுவது, வெயில் ஏறிய பிறகு குழாயில் விடுவது, முந்திக்கொண்ட கோழி குடிக்கப் பிந்திய கோழிக்குக் கிடைக்காமல் போவது, தாய்க்கோழி தந்த எதிர்ப்பாற்றல் குஞ்சில் இன்னும் தணியாதபோதே மருந்து கொடுப்பது, கம்போரோ என்ற இன்னொரு கோழிநோய் வந்து எதிர்ப்பாற்றலின் அடித்தளமே சிதைந்த கூட்டத்துக்கு ஊசி போடுவது என்று பட்டியல் நீளும். இவற்றையெல்லாம் மறைக்கப் புதிய வகை என்பது நல்ல திரை. மருந்து விற்பவருக்கும் அது வசதி, பண்ணை மேலாளருக்கும் வசதி.

ஆனால் இந்தத் திரையைக் கிழிப்பதும் வரிசை ஆய்வுதான் என்பதைத்தான் எதிர்வாதம் செய்பவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒரு பண்ணையில் வந்த வைரஸ், ஐந்தாண்டுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில் இருந்த அதே கிளையென்றால், மருந்து மாறவில்லை, வைரஸும் மாறவில்லை, மருந்து கொடுத்த விதத்தில்தான் கோளாறு என்று விரல் வைத்துக் காட்டலாம். வரிசை இல்லாதபோது அவரவருக்குப் பிடித்த காரணத்தை அவரவர் சொல்லலாம். வாதத்தின் இரண்டாம் பாதியும் முழுக்கச் சரியல்ல. தடுப்பூசி சாவைத் தடுப்பது வேறு, வைரஸ் வெளியேறுவதைத் தடுப்பது வேறு. லசோட்டா போட்ட கோழி நோயின்றித் தெரிந்தாலும் எச்சத்திலும் எச்சிலிலும் காட்டு வைரஸை வெளிவிடலாம். உலவும் கிளைக்கு இணங்கிய மருந்து போட்டால் அந்த அளவு குறைகிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. சீனாவில் ஏழாம் வகைக்கு இணங்கிய மருந்து புழக்கத்துக்கே வந்துவிட்டது. பத்தாயிரக்கணக்கில் கோழிகளை நெருக்கி வளர்க்கும் வட்டாரத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. நமக்கு அப்படியொரு மருந்து வேண்டுமா என்று தீர்மானிக்கவே, எந்தக் கிளை எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற வரைபடம் தேவை. இல்லாவிட்டால் இன்றைக்கு ஏழாம் வகைக்கு மருந்து வாங்கி, நாளைக்குப் பதின்மூன்றாம் வகையோடு போராடிக்கொண்டிருப்போம்.

பெயர்க் குழப்பத்தை ஒரு குறையாகச் சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. நீண்ட காலம் இரண்டு வகைப்பாடுகள் அக்கம்பக்கமாக ஓடின. ஒரே வைரஸை ஒருவர் ஒரு எண்ணால் சொல்ல, மற்றவர் இன்னொரு எண்ணால் சொல்ல, கட்டுரைகளை ஒப்பிடுவதே பாடாக இருந்தது. 2019-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரே முறைக்கு உடன்பட்டார்கள். முழு எஃப் மரபணு வேண்டும். சராசரி வேறுபாடு நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால்தான் தனி வகை, ஐந்தைத் தாண்டினால் உட்பிரிவு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு மாதிரிகளாவது இருக்க வேண்டும். எண் 21 வரை ஓடினாலும் நடுவில் பதினைந்து இல்லை. அந்த எண்ணுக்கு உரியவை கலப்பு வரிசைகள் என்று நீக்கிவிட்டார்கள். இனி இந்தப் புகாருக்குப் பெரிய இடமில்லை.

பழி பற்றிய புகார் வேறு. ஒரு வைரஸின் நெருங்கிய உறவு இன்ன நாட்டில் என்று மரம் காட்டியதும், அங்கிருந்துதான் வந்தது என்று தலைப்புச் செய்தி போட்டுவிடுகிறோம். மரத்தில் இருப்பது மாதிரி எடுத்தவர்களின் வைரஸ் மட்டும்தான். நேர்மையாக நிறைய மாதிரி எடுத்துப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும் நாடு குற்றவாளியாகத் தெரியும். ஒன்றுமே எடுக்காத நாடு மரத்தில் இல்லவே இல்லாததால் நிரபராதி. இரண்டு கிளைகளுக்கு நடுவே இருபது ஆண்டு இடைவெளி தெரிந்தால், அந்த இருபது ஆண்டும் வைரஸ் நாம் பார்க்காத எங்கோ உலவியிருக்கிறது என்பது மட்டும் அதற்குப் பொருள். இந்த எச்சரிக்கையோடுதான் மரத்தைப் படிக்க வேண்டும் என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாதிரி போதாது என்பது மரத்தைக் கைவிடுவதற்கான காரணமாகாது, மாதிரியைக் கூட்டுவதற்கான காரணம். இந்தியாவுக்குள்ளேயே பார்த்தால், வரிசைகள் பெரும்பாலும் பெரிய பண்ணைகளில் பெரிய சேதம் வந்தபோது எடுக்கப்பட்டவை. நஷ்டம் கோடியில் இருந்தால் ஆய்வகம் தேடிவரும். நாலு நாட்டுக்கோழி செத்தால் குப்பைமேட்டோடு முடிந்துவிடும்.

அந்த நாலு கோழிதான் படத்தில் விடுபட்ட பெரும்பகுதி. கொல்லையில் மேயும் நாட்டுக்கோழி, சண்டைச் சேவல், சந்தையில் கூடையோடு கைமாறும் குஞ்சு, மாடியில் வளரும் புறா எல்லாம் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் வைரஸ் ஊர்விட்டு ஊர் போகிறது. கலிபோர்னியாவில் நடந்ததும் அதுவே. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கொல்லைக் கோழிகளுக்கு இலவச ஊசி போடும் கோழிக்கழிச்சல் முகாம் நடக்கிறது. கிராமம் கிராமமாகக் கால்நடைத் துறை போய் நிற்கும் சமயம் அது. ஊசி போடும் கையே, வட்டாரத்துக்குச் சில கோழிகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தால், ஊசிக்கு முன் எந்தக் கிளை உலவியது என்ற பதிவு ஆண்டுதோறும் சேரும். அதன் பிறகு நோய் வெடித்தால் ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். செலவு அதிகம், நாள் அதிகம் என்ற ஆட்சேபம் இதற்குப் பொருந்தாது. நோய் வந்த அன்றைக்கு வரிசை படித்துவிட்டுத்தான் கோழியைப் புதைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் செய்ய வேண்டியதைப் பி.சி.ஆர் முடிவைக் கொண்டே செய்யலாம். வரிசை படிப்பதன் செலவும் கொரோனாவுக்குப் பிறகு வெகுவாக இறங்கிவிட்டது, கருவிகள் மாநில அளவிலேயே இருக்கின்றன. உண்மையான தடை முதல் அடியில் இருக்கிறது. செத்து ஒரு நாள் கழித்து, அழுகிய கோழி சாக்கில் வந்து சேர்ந்தால் ஆர்.என்.ஏ மிஞ்சாது. பனிக்கட்டிப் பெட்டி எல்லா ஊரிலும் கிடையாது. இதற்கு வேதிப்பொருள் தோய்த்த காகித அட்டைகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளன: திசுவையோ எச்சிலையோ அதில் ஒற்றினால் வைரஸ் செத்துவிடும், அதன் எழுத்துகள் மட்டும் காகிதத்தில் தங்கும். காய்ந்த பிறகு உறையில் போட்டுச் சாதாரணத் தபாலிலேயே அனுப்பலாம்.